தரம் குறைந்த தாதுவில் கரும்பூஞ்சையை வேலைக்கு விடுவது எப்படி

கரும்பூஞ்சை (ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர்) சர்க்கரையைத் தின்று அமிலத்தை விடுகிறது. அந்த அமிலம் கல்லைக் கரைக்கிறது. கரைசலில் இறங்கிய உலோகத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம். முறை இவ்வளவுதான். பூஞ்சையை வளர்ப்பதில் கம்பசூத்திரம் ஏதும் இல்லை; அழுகிய வெங்காயத்தில் தானாக வளர்வதுதான் அது. முயல்பவர்கள் சறுக்குவது வேறிடத்தில். கல் எவ்வளவு அமிலம் குடிக்கும் என்று பார்க்காமலே சர்க்கரையைக் கொட்டிவிடுகிறார்கள். அதனால் குடுவையைத் தொடுமுன் கல்லைப் பார்ப்போம். கல்லூரி ஆய்வகத்துக்கும், கல் அரைவை ஆலையோடு சிறு பரிசோதனைக்கூடம் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் கல்லின் கணக்கு

கொங்கு நாட்டில் எளிதில் கிடைக்கும் இரண்டு கற்களை எடுத்துக்கொள்வோம். சேலம் மாமாங்கம், கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் (மேக்னசைட்) வெட்டிய குழிகளில், வெள்ளைக்கல்லுக்குத் தாய்ப்பாறையாக இருப்பது டியூனைட். பச்சை கலந்த, கனமான கல். பெரும்பகுதி ஒலிவின், அதாவது மெக்னீசியம் சிலிக்கேட். இவ்வகைப் பாறையில் பொதுவாக 0.2 முதல் 0.3 சதவீதம் நிக்கல் இருக்கும். அந்த நிக்கல் தனித் துகளாக இல்லை. ஒலிவின் படிகத்துக்குள்ளேயே மெக்னீசியத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. நிக்கலை எடுக்க வேண்டுமானால் படிகம் முழுவதையும் கரைத்தே தீர வேண்டும்.

1 கிராம் ஒலிவின் முழுதாகக் கரைய 28.4 மில்லிமோல் ஹைட்ரஜன் அயனி வேண்டும். சிட்ரிக் அமிலமாகச் சொன்னால் 1.8 கிராம். அதுவும் சிட்ரிக் தன் மூன்று ஹைட்ரஜனையும் விட்டால்தான். பி.எச். 3 வாக்கில் அது முதல் ஹைட்ரஜனையே பாதிதான் விட்டிருக்கும். ஆகவே நடைமுறையில் இரண்டு மடங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கல், காங்கேயம், வெள்ளகோவில், கரூர், நாமக்கல் பக்கம் கிடைக்கும் வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ். இதில் இரும்பு வெறும் கறைதான். இங்கே வேலை உலோகத்தைச் சேர்ப்பதல்ல, நிறமற்ற கண்ணாடிக்கு ஆகும்படி கல் மாவிலிருந்து அந்தக் கறையை நீக்குவது. மாவில் இரும்பு ஆக்சைடு 0.1 சதவீதம் என்றால் 1 கிலோவில் 1 கிராம். அதைக் கரைக்க 3.4 கிராம் ஆக்சாலிக் அமிலம் போதும். 1 கிலோ டியூனைட்டுக்குக் கிட்டத்தட்ட 2 கிலோ அமிலம். 1 கிலோ வெங்கச்சங்கல்லுக்கு 4 கிராம்கூட வேண்டாம். எந்தக் கல்லில் பூஞ்சை கட்டுப்படியாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை கிடையாது.

டியூனைட் கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டலாம். லிட்டருக்கு 10 கிராம் தூள், அதில் நிக்கல் 25 மில்லிகிராம். ஒன்று விடாமல் கரைந்தாலும் 1 கிலோ நிக்கலுக்கு 40,000 லிட்டர் ஊடகம் (பூஞ்சை வளரும் சத்துக் கரைசல்), லிட்டருக்கு 100 கிராம் வீதம் 4 டன் சர்க்கரை. முறையைக் கற்றுக்கொள்ள டியூனைட் நல்ல கல். காசு பார்க்க ஏற்றதல்ல.

உங்கள் கல் வேறாக இருந்தால் இந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள். 2 கிராம் தூளை 100 மி.லி. வாலை வடிநீரில் போட்டுக் கலக்கிக்கொண்டே 1 நார்மல் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பி.எச். 2.5-ல் 24 மணி நேரம் நிற்கும்வரை எவ்வளவு செலவானது என்று குறியுங்கள். அந்த மி.லி.-ஐ 2-ஆல் வகுத்து 0.064-ஆல் பெருக்கினால், 1 கிராம் கல்லுக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிராம் சிட்ரிக் என்பது கிடைக்கும். விடை 0.3-க்கு மேல் போனால், விலை உயர்ந்த உலோகமாக இருந்தாலொழிய மேலே போகாதீர்கள்.

ஏற்காடு, கொல்லிமலை பாக்சைட் கழிவிலும் இதை முயலலாம். ஆனால் அதில் அலுமினியம், இரும்பு இரண்டுமே ஏராளம். இரண்டும் அமிலத்தைக் குடிக்கும். அலுமினிய ஆலைச் செம்மண் கழிவு கடும் காரம், பல முறை கழுவாமல் கிட்டே போகக் கூடாது. கஞ்சமலை இரும்புக்கல்லை விட்டுவிடுங்கள். அதைக் காந்தமே பிரித்தெடுத்துவிடும், பூஞ்சை எதற்கு?

மாதிரிக் கல் எடுப்பதற்கு ஒரு சொல்: நிலத்தடிக் கனிமம் யாரும் அள்ளிக்கொள்ளும் பொருளல்ல. சில கிலோ என்றாலும் குத்தகைதாரரிடமோ மாவட்டக் கனிமவளத் துறையிடமோ எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கல்லைத் தயார் செய்தல்

டியூனைட்டில் வெள்ளை நரம்பாக ஓடும் மேக்னசைட்டைக் கையால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். அது கார்பனேட், 1 கிராம் கார்பனேட்டுக்கு 1.5 கிராம் சிட்ரிக் வீணாகும், அதுவும் ஒலிவினுக்கு முன்பாகவே பாயும். சுண்ணாம்புக்கல்லைப் போலக் குளிர்ந்த அமிலத்தில் மேக்னசைட் உடனே நுரைக்காது. தூளாக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இளஞ்சூடாக்கிவிட்டுப் பார்த்தால்தான் தெரியும். குளிர்ந்த சொட்டை விட்டுவிட்டு, நுரைக்கவில்லை, கார்பனேட் இல்லை என்று முடிவு கட்டுவது வழக்கமான பிழை.

கல்லை உடைத்து, 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும்வரை அரைத்து, 105 டிகிரியில் உலர்த்துங்கள். டியூனைட்டை உலர்வாக அரைக்காதீர்கள். அதில் உள்ள செர்பென்டின் என்ற கனிமம் சில இடங்களில் இழை இழையாக, கல்நாராக இருக்கும்; தூசி நுரையீரலுக்குக் கேடு. நீர் விட்டு அரையுங்கள், பி-100 வடிகட்டி உள்ள முகக்கவசம் போடுங்கள்; கல்நாருக்கு என்-95 போதாது. வெங்கச்சங்கல் தூசியும் சிலிக்கா நோயைத் தரும், அதற்கும் இதே கட்டுப்பாடுதான். இரும்பு உருண்டை போட்ட அரைவையில் வெங்கச்சங்கல்லை அரைத்தால் நீக்க வந்த இரும்பை நீங்களே சேர்க்கிறீர்கள். பீங்கான் அரைவை நல்லது.

பூஞ்சை

வேண்டியது ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர். 2021-ல் செய்திகளில் அடிபட்ட கருப்புப் பூஞ்சை நோய்க்குக் காரணம் மியூக்கோர் குடும்பம், அது வேறு. பல்லடம் பக்கச் சின்ன வெங்காயத்தின் தோலில் கரித்தூளாகப் படிவது நைஜரின் கூட்டம்தான். ஆனால் அதைச் சுரண்டி நேராகப் பயன்படுத்தாதீர்கள். சில வகைகள் ஆக்ராடாக்சின் எனும் நஞ்சைச் சுரக்கும். அமில விளைச்சலும் வகைக்கு வகை வெகுவாக மாறும். சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. நுண்ணுயிர்ச் சேமிப்பகத்திலிருந்து சிட்ரிக் உற்பத்திக்கு என்று குறித்த வகையைக் கேட்டு வாங்குவது மேல்.

உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாரில் சாய்வுக் குழாயில் வளர்க்க வேண்டும். தயாராகக் கிடைக்காவிட்டால் 200 கிராம் உருளைக்கிழங்கை வேகவைத்த வடிநீர், 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், 15 கிராம் அகார், மொத்தம் 1 லிட்டர். 30 டிகிரியில் 5 முதல் 7 நாளில் மேற்பரப்பு கருகருவென வித்துகளால் மூடும். 0.1 சதவீத ட்வீன் 80 கலந்த நுண்ணுயிர் நீக்கிய நீரை ஊற்றி மெல்லத் தேய்த்தால் வித்துகள் நீரில் இறங்கும். ட்வீன் இல்லாத வெறும் நீரில் அவை நனையாமல் மிதக்கும். எண்ணும் கண்ணாடியில் (ஹீமோசைட்டோமீட்டர்) பார்த்து மி.லி.-க்கு 1 கோடி வித்து இருக்கும்படி நீர்க்கச் செய்யுங்கள்.

மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் எதுவும் எழுந்தால் அது ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸாக இருக்கலாம், கடலையில் அஃப்ளாடாக்சின் உண்டாக்குவது. குழாயைத் திறக்காமலே அழுத்தச் சூட்டில் கொன்று எறியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் வித்து கையாளும் வேலைக்கு வரவே கூடாது.

சிட்ரிக் வளர்ப்பு

1 லிட்டர் ஊடகத்துக்கு: சர்க்கரை 100 கிராம், சோடியம் நைட்ரேட் 1.5 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.5 கிராம், மெக்னீசியம் சல்பேட் 0.025 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.025 கிராம், ஈஸ்ட் சாறு 1.6 கிராம்.

சர்க்கரை என்றால் அஸ்கா, அதாவது வெள்ளைச் சர்க்கரை. நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் ஆலை மொலாசஸும் மலிவாக இருக்கலாம், ஆனால் மாங்கனீசும் இரும்பும் நிறைந்தவை. மாங்கனீசு லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் ஏறினாலே நைஜர் சிட்ரிக் சேர்ப்பதைக் குறைத்து உடம்பை வளர்க்கத் தொடங்கிவிடும். மொலாசஸில் சிட்ரிக் செய்யும் ஆலைகள் இதற்காகவே பொட்டாசியம் ஃபெரோசயனைடு சேர்த்து உலோகங்களை வீழ்படியச் செய்கின்றன. நீரும் வாலை வடிநீராகவே இருக்கட்டும். நம் ஆழ்துளைக் கிணற்று உப்பு நீர் ஆகாது.

சர்க்கரைக் கரைசலைத் தனியாகவும் உப்புகளையும் ஈஸ்ட் சாற்றையும் தனியாகவும் 121 டிகிரியில் 20 நிமிடம் வைத்துப் பிறகு கலக்கவும். ஒன்றாக வேகவைத்தால் பழுப்பேறி, சர்க்கரையின் ஒரு பகுதி கெட்டுவிடும். ஆட்டோகிளேவ் இல்லாவிட்டால் வீட்டுக் குக்கரின் குண்டு எடையும் ஏறக்குறைய அதே அழுத்தம்தான் தரும். விசில் வந்தபின் சிறுதீயில் 30 நிமிடம். ஆனால் அந்தக் குக்கர் அதன்பின் சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

250 மி.லி. கூம்புக் குடுவையில் 100 மி.லி. ஊடகம், பஞ்சு அடைப்பு, 1 மி.லி. வித்து நீர். 30 டிகிரி, நிமிடத்துக்கு 150 சுற்று. சித்திரை வைகாசியில் சேலத்திலும் ஈரோட்டிலும் அறைச் சூடு 38-ஐத் தாண்டும். அப்போது குளிர்விக்கும் அடைகாப்பான் இல்லாமல் தொடங்காதீர்கள். பூஞ்சை வளரும், சிட்ரிக் குறையும்.

ஆட்டும் கருவி நிற்கவே கூடாது. காற்றோட்டம் இடையில் அறுந்தால் பூஞ்சை சாகாது, ஆனால் சிட்ரிக் உற்பத்தி பழைய வேகத்துக்குத் திரும்பாது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலையில் போனால் மாலைதான் வரும். அந்தத் தேதியை அறிவிப்பில் பார்த்துவிட்டு வித்து போடுங்கள், அல்லது கருவியை யு.பி.எஸ்.-ஸில் மாட்டுங்கள். ஐந்தாம் நாள் தடை வந்த குடுவையை ஒப்பீட்டுக்கு எடுக்க வேண்டாம்.

இரண்டாம் நாளில் பூஞ்சை சிறு ஜவ்வரிசி போல உருண்டை உருண்டையாகத் தெரிய வேண்டும், 1 முதல் 2 மி.மீ. அளவில். கஞ்சிபோல் குழைந்து ஒட்டினால் ஆக்சிஜன் உள்ளே போகாது. பெரும்பாலும் மாங்கனீசு அல்லது வித்து அளவு காரணம். பி.எச். 5.5-ல் தொடங்கி மூன்றாம் நாளுக்குள் 3-க்குக் கீழே வந்தால் நல்ல அறிகுறி. இரண்டு நாள் கழித்தும் 4-க்கு மேலேயே நின்று, கலங்கி, புளித்த வாடை வந்தால் பாக்டீரியா நுழைந்திருக்கிறது.

ஏழாம் நாளிலிருந்து தினமும் அமிலம் பாருங்கள். வடித்த நீர் 5 மி.லி., ஃபீனால்ஃப்தலீன் இரண்டு சொட்டு, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு. செலவான மி.லி. பெருக்கல் 1.28, அதுதான் லிட்டருக்கு எத்தனை கிராம் என்பது, எல்லா அமிலமும் சிட்ரிக் என்று கொண்டால். 20 மி.லி. செலவானால் 25.6 கிராம். ஆக்சாலிக் கலந்திருக்கிறதா என்று அறிய, சிறிது வடிநீரில் சோடியம் அசிட்டேட், அசிட்டிக் அமிலம் சேர்த்து, குளிர்ந்த நிலையிலேயே கால்சியம் குளோரைடு விடுங்கள். உடனே வெள்ளையாகக் கலங்கினால் ஆக்சலேட். அளவு ஏறி ஒரு நாள் நின்று மறுநாள் இறங்கினால், சர்க்கரை தீர்ந்து பூஞ்சை தன் அமிலத்தையே தின்னத் தொடங்கிவிட்டது. உச்சம் தட்டிய அன்றே வடித்துவிடுங்கள்.

கரைத்தல்

கல் தூளையும் பூஞ்சையையும் ஒரே குடுவையில் போடுவது பார்க்க எளிது, பலன் குறைவு. கல்லிலிருந்து வரும் மாங்கனீசும் ஏறும் பி.எச்.-உம் பூஞ்சையைச் சிட்ரிக்கிலிருந்து குளுக்கோனிக்குக்குத் திருப்பிவிடும். கரைந்த நிக்கலில் ஒரு பங்கு பூஞ்சை உடம்பிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைப் பெற உடம்பை எரித்துச் சாம்பலைக் கரைக்க வேண்டும். பூஞ்சையை வடித்தெடுத்து அமில நீரை மட்டும் கல்லில் விடுவதே நல்லது. அமில நீரில் உயிர் இல்லாததால் 60 டிகிரிக்குச் சூடாக்கலாம், கரையும் வேகம் தெளிவாகக் கூடும்.

வாட்மன் 1-ஆம் எண் தாளில் வடித்த அமில நீர் 100 மி.லி.-க்கு 1 கிராம் டியூனைட் தூள். 6, 24, 48, 72, 120 மணியில் மாதிரி எடுத்து பி.எச்.-உம் நிக்கலும் பாருங்கள். பி.எச். 5-ஐத் தாண்டினால் அமிலம் தீர்ந்தது. அதற்குமேல் ஆட்டுவது மின்சார வீண். தூளை 5 கிராமாக ஏற்றினால் ஒரே நாளில் இது நடக்கும்.

ஒப்பீட்டுக் குடுவைகள் மூன்று கட்டாயம் வேண்டும்: வெறும் நீர், பூஞ்சை போடாத ஊடகம், கடையில் வாங்கிய எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்தான்) அதே அமில அளவுக்குக் கரைத்த நீர். மூன்றாவது குடுவையும் பூஞ்சை நீரும் ஒரே அளவு நிக்கலைத் தந்தால், பூஞ்சை உங்களுக்கு அமிலம் விற்கும் கடை மட்டுமே. அப்போது எது மலிவு என்பதே கேள்வி. பல ஆய்வேடுகள் இந்தக் குடுவையை வைப்பதே இல்லை. வைக்காத ஆய்வின் சதவீதங்களை நம்பிப் பணம் போடாதீர்கள்.

நிக்கலை அறிய ஏ.ஏ.எஸ். (அணு உறிஞ்சல் நிறமாலை) கருவியில் 232.0 நானோமீட்டர் அலைநீளம். கருவி இல்லையென்றால் டைமெத்தில்கிளையாக்சிம். வடித்த நீர் முழுவதையும் அம்மோனியாவால் பி.எச். 8–9-க்குக் கொண்டுவந்து, 60 டிகிரிக்குச் சூடாக்கி, 1 சதவீத ஆல்கஹால் கரைசலாக அதைச் சேர்த்தால் ரோஜாச் சிவப்பு வீழ்படிவு வரும். வழக்கமாக இந்தச் சோதனையில் இரும்பு தொல்லை தராமலிருக்கத் தனியாகச் சிட்ரேட் சேர்ப்பார்கள். இங்கே அது ஏற்கெனவே இருக்கிறது. உலர்த்திய வீழ்படிவின் எடையை 0.2032-ஆல் பெருக்கினால் நிக்கல். முழுதும் கரைந்தாலே 12 மில்லிகிராம் வீழ்படிவுதான் வரும் என்பதால் நான்கு தசம இடம் காட்டும் தராசு வேண்டும். ஆல்கஹாலை அதிகம் ஊற்றினால் வீழ்படிவு திரும்பக் கரையும்.

நிக்கல் குறைவாக வந்து, ஆக்சலேட் சோதனையும் கலங்கினால் காரணம் புரிந்துவிடும்: நிக்கல் ஆக்சலேட் நீரில் கரையாது, கரைந்தது திரும்பக் கல்மேலேயே படிந்திருக்கும். ஆக்சாலிக் கூடியது பெரும்பாலும் வளர்ப்பில் பி.எச். போதிய அளவு இறங்காததால்தான்.

வெங்கச்சங்கல்லுக்கு ஆக்சாலிக்

இங்கே வேண்டியது நேர்மாறு. பி.எச். 5-க்கும் 7-க்கும் இடையில் பிடித்து வைத்தால் நைஜர் ஆக்சாலிக் தரும். அதே ஊடகம்தான், பி.எச். 6-ல் தொடங்கி, தினமும் நுண்ணுயிர் நீக்கிய பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் திரும்ப 6-க்கு ஏற்றுங்கள். சுண்ணாம்புத் தூள் போட்டுப் பி.எச்.-ஐப் பிடிக்கலாமே என்று தோன்றும். போட்டால் ஆக்சாலிக் முழுவதும் கால்சியம் ஆக்சலேட்டாக அடியில் உட்கார்ந்துவிடும். மாங்கனீசைப் பற்றி இங்கே அஞ்ச வேண்டாம், நாட்டுச் சர்க்கரையும் ஆகும். ஆனால் அதன் பழுப்பு நிறம் வெள்ளை மாவில் ஏறாதபடி பிறகு நன்றாகக் கழுவ வேண்டும்.

மாவை முதலில் காந்தத்தில் ஓட்டி மேக்னடைட்டை நீக்குங்கள். வடித்த நீரை லிட்டருக்கு 5 கிராம் ஆக்சாலிக் இருக்கும்படி நீர்த்து, கந்தக அமிலத்தால் பி.எச். 2.5–3-க்குக் கொண்டுவாருங்கள். 1 கிலோ மாவுக்கு 2 லிட்டர், 80 முதல் 90 டிகிரி, கலக்கிக்கொண்டே 3–4 மணி நேரம். பாத்திரம் கண்ணாடி அல்லது பாலிபுரொப்பிலீன். கரைசல் இளம்பச்சையாக மாறினால் இரும்பு இறங்குகிறது. சூடாக வடித்து, மூன்று முறை கழுவுங்கள்.

வெயிலில் வைக்காதீர்கள். இரும்பு ஆக்சலேட் வெளிச்சத்தில் சிதைந்து மஞ்சள் நிற ஃபெரஸ் ஆக்சலேட்டாக மாவின் மேலேயே படியும், மொத்த வேலையும் பாழ். நிறமற்ற கண்ணாடிக்கு இரும்பு ஆக்சைடு சுமார் 0.03 சதவீதத்துக்குக் கீழே கேட்பார்கள். படிகத்துக்குள்ளேயே கருமைக்காவும் கார்னெட்டும் சிறைப்பட்ட கல்லில் எந்த அமிலமும் அங்கே கொண்டுபோகாது. பூதக்கண்ணாடியில் பார்த்தாலே தெரிந்துவிடும். கறை துகளின் மேற்பரப்பிலும் வெடிப்பிலும் இருக்கும் கல்லை மட்டும் எடுங்கள்.

திப்பி

அமிலத்தின் விலையைக் குறைக்க, சேலம், நாமக்கல், ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலைகளில் மிஞ்சும் மரவள்ளித் திப்பி உண்டு. அதில் மாவு மிச்சம் இருக்கிறது. நைஜர் அந்த மாவைத் தானே சர்க்கரையாக உடைத்துக்கொள்ளும். உலர்த்திய திப்பியை 65–70 சதவீத ஈரத்துக்கு நனைத்து, ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டு, வித்து கலந்து தட்டில் 3–4 செ.மீ. உயரத்துக்குப் பரப்புங்கள். திடநிலை வளர்ப்பு உலோகக் கலப்பை ஊடகத்தைவிட நன்றாகத் தாங்கும். தொல்லை சூடுதான். பூஞ்சை வளர்கையில் நடுப்பகுதி 40-ஐத் தாண்டும். கை வைத்துப் பார்த்தால் சுடும். தட்டு தடிப்பாக இருந்தால் நடுவில் வளர்ச்சி நின்று ஓரம் மட்டும் கறுக்கும். கறுக்கத் தொடங்கினாலே அறுவடைதான், வித்து விட ஆரம்பித்தால் அமிலமும் குறையும், அறை முழுதும் தூசியும் பறக்கும். எடைக்கு ஐந்து மடங்கு நீரில் ஊறவைத்துப் பிழிந்தெடுங்கள்.

மீட்பும் கழிவும்

சிட்ரேட் நீரிலிருந்து நிக்கலைச் சுண்ணாம்பு போட்டு இறக்க முடியாது. சிட்ரேட் அதைக் கரைசலிலேயே பிடித்துக்கொள்ளும். இமினோடைஅசிட்டேட் வகைப் பிசின் நிரப்பிய குழாயில் செலுத்திப் பிடித்து, நீர்த்த கந்தக அமிலத்தால் கழற்றுவது பாதுகாப்பான வழி. சோடியம் சல்பைடாலும் இறக்கலாம்; ஆனால் பி.எச். 8-க்கு மேல் வைத்துக்கொண்டு, புகைப்போக்கியின் கீழ் மட்டும். அமிலத்தில் சல்பைடு விழுந்தால் ஹைட்ரஜன் சல்பைடு, ஆளைக் கொல்லும் வாயு.

இதே காரணத்தால் சுண்ணாம்பு போட்டுத் தெளியவைத்த கழிவுநீரிலும் நிக்கல் இருக்கும். தெளிவாக இருக்கிறது என்று சாக்கடையில் விடாதீர்கள். திருமணிமுத்தாறும் நொய்யலும் பட்ட பாடு போதும். நிக்கல் சோதனையில் சிவப்பு வராதவரை பிசினில் மறுபடி ஓட்டுங்கள். ஆக்சாலிக் நீரை மட்டும் சுண்ணாம்பால் முறிக்கலாம். இரும்பும் ஆக்சலேட்டும் இரண்டும் அடியில் தங்கும். வடித்த பூஞ்சை உடம்பு, தாள், பஞ்சு எல்லாவற்றையும் 121 டிகிரியில் 30 நிமிடம் கொன்றபின், டியூனைட்டைத் தொட்டவற்றை நிக்கல் கழிவு என்று எழுதி ஒட்டிய தனி வாளியில் மூடி வையுங்கள். வெங்கச்சங்கல் தொகுதியின் பூஞ்சை உடம்பு உலோகம் தொடாதது. அது எருக்குழிக்குப் போகலாம்.